ஈயம் ஒட்டுவது ஏன்? .35 வீலன் ரைஃபிளில் வார்த்த குண்டு

டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடமிருந்து ரெமிங்டன் 700 கிளாசிக் ரைஃபிள் வாங்கியிருக்கிறார், .35 வீலன் (.35 என்பது ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில்). அதற்கான தோட்டா கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கிறது. வீட்டிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்துச் சுடலாமா? பேரல் முழுக்க ஈயம் அப்பிக்கொள்ளும் என்கிறார்களே, ஈயத்தை நன்றாகக் கடினமாக்கினால் அந்தத் தொல்லை தீருமா? அதை வைத்து மான் வேட்டைக்குப் போகலாமா?

தாராளமாகச் சுடலாம், தம்பி. வார்த்த குண்டுக்கு இதைவிடத் தோதான ரைஃபிள் அமைவது அரிது. ஆனால் "கடினமாக்கினால் தீருமா" என்று கேட்டீர்களே, அங்கேதான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்து ஒரு வருடத்தைத் தொலைத்தேன். ஈயம் ஒட்டுவதற்கு முதல் காரணம் குண்டின் மென்மை இல்லை, குண்டு பேரலுக்குப் பொருந்தாததுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். இந்தப் பதிலில் 'குண்டு' என்றால் பறந்து போகிற ஈயத்துண்டு மட்டும். பித்தளை உறை, தீப்பொறி தரும் பிரைமர், மருந்து (வெடிமருந்து), குண்டு நான்கும் சேர்ந்ததுதான் 'தோட்டா'. இரண்டாவது, நான் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளும் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீலன் ஏன் தோது என்கிறேன்? இந்தத் தோட்டா பிறந்தது 1922-இல். பிலடெல்பியாவில் இருந்த ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனலில் ஜேம்ஸ் ஹோவ் என்ற கைதேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி, அமெரிக்க ராணுவத் தோட்டாவான .30-06-இன் உறைக் கழுத்தை விரித்து .35 குண்டு உட்காரும்படி செய்தார். ராணுவ அதிகாரியும் வேட்டைக்காரருமான டவுன்சென்ட் வீலனின் பெயரை அதற்கு வைத்தார். பெரிய மிருகங்களுக்குக் கனமான குண்டு வேண்டும், ஆனால் அதற்காக விலை கூடிய நீளமான மேக்னம் ரைஃபிளைத் தேடி அலையக் கூடாது. சாதாரண .30-06 ரைஃபிளில் பேரலை மட்டும் மாற்றினால் வேலை முடிந்துவிட வேண்டும். இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் இது. அறுபத்தைந்து வருடத்துக்கு மேல் துப்பாக்கித் தொழிலாளிகளின் பட்டறையிலேயே வளர்ந்துவிட்டு, 1988-இல்தான் ரெமிங்டன் கிளாசிக் வரிசையில் கடைக்கு வந்தது. உங்கள் கையில் இருப்பது அந்த ரைஃபிள்.

குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் திருகாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அந்தக் கிளாசிக் பேரலில் அவற்றின் முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. செம்பு உறையிட்ட குண்டு சுடுபவர்களில் பலர் இது மெதுவான முறுக்கு என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். நமக்கு அது வரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1,800 அடி வேகத்தில் போகும் குண்டு இந்த முறுக்கில் நிமிடத்துக்கு 81,000 முறை சுழலும். அதே வேகத்தில், 10 அங்குல முறுக்குள்ள .30-06 பேரலில் 1,29,600 முறை. எந்த வார்ப்புக் குண்டிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னக் காற்றுக்குமிழி ஒன்று ஒரு பக்கமாக இருக்கத்தான் செய்யும். சுழற்சி கூடக் கூட அந்தக் குறை குண்டை வெளியே இழுக்கும், இலக்கில் துளைகள் சிதறும். மெதுவாகச் சுழலும் குண்டில் அதே குறை பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று, நடுத்தர விட்டம் என்பதே ஒரு வசதி. சின்ன விட்டத்துக் குண்டு தன் வேலையை வேகத்தால் செய்கிறது. ஈயத்துக்கு வேகம் ஒத்துவராது. .35-இல் எடையும் அகலமும் ஏற்கெனவே இருக்கின்றன. 200 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 13 கிராம் குண்டை 1,800, 1,900 அடி வேகத்தில் அனுப்பினால், 1906-லிருந்து காட்டில் மான் அடித்துவரும் .35 ரெமிங்டன் தோட்டாவை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பீர்கள். அந்தத் தோட்டா அதே எடைக் குண்டை 2,080 அடியில் அனுப்புகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தோளுக்கும் இதமாக இருக்கும்.

சரி, ஈயம் எப்படி ஒட்டுகிறது? மருந்து எரியும்போது குண்டுக்குப் பின்னால் பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தில் சூடான வாயு முட்டிக்கொண்டு நிற்கிறது. குண்டு பேரலின் பள்ளங்களை முழுக்க அடைத்திருந்தால் வாயு பின்னாலேயே நின்று தள்ளும். பேரலின் சுவருக்கும் குண்டுக்கும் இடையே தலைமுடி கனத்தில் பாதி இடைவெளி இருந்தால் போதும், வெல்டிங் சுவாலை மாதிரி அதன் வழியே பீறிட்டுக் குண்டின் ஓரத்தை அரித்து உருக்கிக்கொண்டு முன்னால் ஓடும். அந்த ஈயத்துளிகள் குளிர்ந்த பேரல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு அவற்றின் மேல் ஏறி இஸ்திரி போட்டுவிட்டுப் போகும். பத்துக் குண்டில் பேரலுக்குள் ஈயத் தகடு பூத்துவிடும்.

இப்போது கடினத்துக்கு வருவோம். கடினத்தைச் சொல்லும் பிரினெல் எண், சுத்த ஈயத்துக்கு 5. பழைய அச்சகங்களில் எழுத்து வார்க்கப் பயன்பட்ட லைனோடைப் உலோகத்துக்கு 22. மென்மையான குண்டு கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் பிதுங்கிப் பள்ளத்தை அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கடினமான குண்டு பிதுங்காது. சிறியதாக உள்ளே போனால் சிறியதாகவே வெளியே வரும், வழியெல்லாம் வாயு அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் பொருந்தாத குண்டைக் கடினமாக்கினால் ஈயம் ஒட்டுவது கூடத்தான் செய்யும்.

என் முதல் வருடம் இப்படித்தான் போனது. தெரிந்தவர் ஒருவர் மூலம் லைனோடைப் கட்டிகள் கிடைத்தன. தங்கம் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டு அத்தனையையும் குண்டாக வார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு, நகத்தால் கீறினால் கீறல் விழாது. அளவு திருத்தும் அச்சுக்குள் தள்ளி 0.358 அங்குலத்துக்குத் திருத்தினேன், பெட்டியில் அதுதானே எழுதியிருந்தது. இருபது குண்டு சுட்டுவிட்டுத் துணி செருகிய கம்பியை விட்டால் பாதி வழியில் இறுகி நின்றது. அழுத்தித் தள்ளியபோது துணியோடு மீன் செதில் மாதிரி வெள்ளி நிறத் தகடுகள் உதிர்ந்தன. அவற்றில் ஒரு தகட்டின் நீளம் முக்கால் அங்குலம், பள்ளத்தின் அச்சு அப்படியே அதில் பதிந்திருந்தது. அதற்கு மேல் கடினமாக்க வழியில்லாததால் மசகு மெழுகை மாற்றினேன், மருந்தை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் "பேரலை அளந்தாயா?" என்று ஒரே கேள்வி கேட்டார். அளந்தேன். என் பேரலின் பள்ளத்து அளவு 0.3585. நான் சுட்டதெல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் அரைப் பங்கு சின்னது. 0.360-க்கு மாற்றி, ஈயத்தைப் பாதியாக மென்மைப்படுத்தினேன். அதோடு ஒட்டுவது நின்றது.

ஆகவே உங்கள் முதல் வேலை அளப்பது. ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி வையுங்கள். பேரலை எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டு, பேரலைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று எடுத்து எண்ணெய் தடவி வாய்ப்பக்கம் வைத்து மரச் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே இறங்கியதும் பித்தளைக் கம்பி அல்லது மரக் கம்பியால் மெதுவாகத் தள்ளிப் பின்பக்கம் எடுங்கள். தள்ளும்போது கை சொல்வதைக் கவனியுங்கள். ஒரே சீராகப் போனால் நல்ல பேரல், எங்காவது திடீரென்று லேசானால் அங்கே அகலம் கூடியிருக்கிறது. வெளியே வந்த ஈயத்தில் மேடாகத் தெரிவது பேரலின் பள்ளம். எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். வெர்னியர் காலிப்பர் இதற்குப் போதாது, நாம் தேடும் வித்தியாசமே அதன் பிழைக்குள் அடங்கிவிடும்.

அந்த அளவுக்கு மேல் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று, ஒன்றரை, அதிகம் போனால் இரண்டு. உங்கள் குண்டு அந்த அளவில் இருக்க வேண்டும். பள்ளம் 0.358 என்றால் குண்டு 0.359 அல்லது 0.360. பேரலின் தொண்டை, அதாவது தோட்டா உட்காரும் அறையிலிருந்து பள்ளம் தொடங்கும் இடம், தேய்ந்து அகன்றிருந்தால் அந்த அளவுதான் கணக்கு. அதை அளக்க செர்ரோசேஃப் என்ற பிஸ்மத் கலவை விற்கிறார்கள். கொதிநீர்ச் சூட்டிலேயே உருகிவிடும். அறைக்குள் ஊற்றி ஆறவிட்டு எடுத்தால் உள்ளே இருப்பது அப்படியே அச்சாக வரும். முதல் அரைமணி சுருங்கும், எடுப்பது எளிது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விரிந்து அறையின் அளவுக்கு வந்துவிடும், அப்போது அளக்க வேண்டும். இந்தக் கலவையைக் கண்டுபிடித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

அச்சு வாங்கும்போது அளவைப் பார்த்து வாங்குங்கள். லைமன் நிறுவன அச்சுகளின் எண்ணிலேயே முதல் மூன்று இலக்கம் விட்டம்: 358315 என்றால் 0.358 அங்குலம், மிச்சம் அச்சு வெட்டிய கருவியின் எண். ஆனால் வார்த்தபின் வரும் அளவு நீங்கள் எடுக்கும் உலோகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். பெரிதாக வார்த்துச் சிறிதாகத் திருத்தலாம், சிறிதாக வார்த்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வேட்டையும் மனதில் இருப்பதால் தட்டை மூக்கு, 200-லிருந்து 250 கிரெய்ன் வரை, அடியில் கேஸ் செக் என்ற செம்புக் கிண்ணம் வைக்கப் படி வெட்டியது எடுங்கள். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் 200 கிரெய்ன் தட்டை மூக்கு அச்சு பலரும் திருப்தியோடு பயன்படுத்துவது. 280 கிரெய்ன் நீளக் குண்டுகளும் இருக்கின்றன. 16 அங்குல முறுக்கில் மெதுவாகச் சுட்டால் அவை தள்ளாடலாம், தொடக்கத்துக்கு வேண்டாம்.

உலோகத்தில் ஒரு தமிழ்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பாத்திரத்துக்குப் பூசிய ஈயமும் இந்த ஈயம் இல்லை, அவை வெள்ளீயம். வெறும் அடுப்பில் வைத்தால் சொம்பு உருகி ஓடுவது வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகுவதால்தான். நாம் வார்க்கும் காரீயம் 327 டிகிரியில் உருகும், அது விஷம். குண்டுக்கு இரண்டும் சேரும். காரீயத்தோடு நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயம் கலந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்து கூரான விளிம்போடு வரும். கடினம் தருவது ஆன்டிமனி. லைமன் நம்பர் 2 என்ற பழைய செய்முறை, 90 பங்கு காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி. பிரினெல் 15 வரும். உங்களுக்கு அவ்வளவுகூட வேண்டாம். கார் சக்கரத்தில் சமநிலைக்காக அடிக்கும் பழைய ஈய எடைகள் கிடைத்தால் நல்லது. அவற்றில் மூன்று நான்கு சதவீதம் ஆன்டிமனியும் கொஞ்சம் ஆர்சனிக்கும் இருக்கும், பிரினெல் 11, 12 வரும். அச்சிலிருந்து நேராகத் தண்ணீர் வாளியில் விழவிட்டால் அந்த ஆர்சனிக்கின் தயவால் சில நாட்களில் 18-க்கு மேல் கடினமாகும். 1,900 அடிக்குக் கீழே சுட அது தேவைப்பட்டதே இல்லை எனக்கு.

இப்போது பல மாநிலங்களில் ஈய எடைகளுக்குத் தடை வந்துவிட்டதால் பழைய வாளியில் துத்தநாகமும் இரும்பும் கலந்திருக்கும். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். பாத்திரத்தை 370 டிகிரி அருகே வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கவனிக்காமல் சூட்டை ஏற்றிவிட்டால் கலந்துவிடும், அப்புறம் அந்த உலோகம் கூழ் மாதிரி ஆகி அச்சில் ஓடாது. கார் பேட்டரித் தகடுகளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் உருக்காதீர்கள். அவற்றில் இருக்கும் கலவைகளிலிருந்து உயிரைக் குடிக்கும் வாயு வரலாம்.

வார்க்கும் நாளில் முதல் எதிரி தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் போனால் அது அந்தக் கணமே நீராவியாக விரியும், பாத்திரத்தில் இருப்பதெல்லாம் மேலே தெறிக்கும். ஈரமான கட்டி ஒன்றை ஒருவர் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். மேற்கூரையில் ஒட்டிய ஈயம் இன்னும் அங்கேயே இருக்கிறது, அவர் முகமூடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு இல்லாமல் உட்காராதீர்கள். புதுக் கட்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே இறக்க வேண்டும். தண்ணீர் வாளி வைப்பதாக இருந்தால் பாத்திரத்திலிருந்து தள்ளி, தாழ்வாக.

ஈயப் புகையைப் பற்றி எல்லோரும் பயப்படுவார்கள். நாம் வேலை செய்யும் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உண்மையான ஆபத்து கையில் ஒட்டும் பொடி, வழித்தெடுக்கும் கசடு, அதைத் தொட்ட கையால் சாப்பிடுவது. கசடை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். காற்றோட்டமான வெளியில்தான் வார்க்க வேண்டும், சமையலறையில் ஒருபோதும் வேண்டாம். அந்த உடையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்க்கிறேன்.

உருகியதும் ஒரு சிட்டிகை தேன்மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறினால் கசடு பிரிந்து மேலே வரும், ஈயம் கண்ணாடியாகத் தெளியும். அச்சைச் சூடாக்கிவிட்டு ஊற்றத் தொடங்குங்கள். முதல் பத்துப் பதினைந்து குண்டு சுருக்கம் விழுந்து கிழவர் முகம் மாதிரி வரும், அச்சு இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போடலாம். அப்புறம் ஒரு தாளம் வந்துவிடும். ஊற்றியதும் மேல் தகட்டில் நிற்கும் ஈயக்குட்டையைப் பாருங்கள். பளபளவென்று இருப்பது சட்டென்று மங்கி உறையும், நடுவில் சின்னக் குழி விழும். அதற்கு மேல் சில நொடி பொறுத்துத் தகட்டைத் தட்டித் திருப்பினால் சுத்தமாக வெட்டும். அவசரப்பட்டால் குண்டின் அடியிலிருந்து ஈயம் பிய்ந்து வரும். குண்டு பனி படர்ந்த மாதிரி வெளுத்து வந்தால் அச்சு சூடு கூடிவிட்டது, கொஞ்சம் மெதுவாக ஊற்றுங்கள். லேசான வெளுப்பால் சுடுவதில் குறை ஒன்றும் இல்லை.

குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் மூக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் அடியைப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன்பே டாக்டர் ஃபிராங்க்லின் மான் என்பவர் குண்டுகளின் மூக்கையும் அடியையும் வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். மூக்கு சிதைந்தவை ஓரளவு ஒழுங்காகவே போயின, அடி சிதைந்தவை தாறுமாறாகப் போயின. பேரலை விட்டு வெளியே வரும் கடைசிக் கணத்தில் வாயு குண்டின் அடியைச் சுற்றித்தான் வெளியேறுகிறது. அடி ஒரு பக்கம் மூளியாக இருந்தால் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். அடி விளிம்பு முழு வட்டமாகக் கூராக இல்லாத குண்டு எனக்கு உடனே பாத்திரத்துக்குத்தான்.

அந்த அடியைக் காப்பதுதான் கேஸ் செக். செம்பில் செய்த சின்னக் கிண்ணம், சட்டைப் பொத்தான் அளவு. குண்டின் அடியில் தொப்பி மாதிரி மாட்டி, அளவு திருத்தும் அச்சுக்குள் தள்ளினால் கவ்விக்கொள்ளும். ஐடியல் என்ற நிறுவனத்தை நடத்திய ஜான் பார்லோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. நீங்கள் சுடப்போகும் வேகத்துக்கு இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மாட்டும்போது நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோணலான செக், செக்கே இல்லாததைவிட மோசம்.

மசகுக்குப் பழைய நம்பிக்கையான கலவை தேன்மெழுகு பாதி, அலாக்ஸ் என்ற எண்ணெய்ப் பொருள் பாதி. தேசிய ரைஃபிள் சங்கத்தின் கர்னல் ஹாரிசன் சோதித்து நிலைநிறுத்தியது. குண்டின் வளையப் பள்ளங்களில் இதை நிரப்ப வேண்டும். இப்போது பலர் மெழுகை விட்டுவிட்டு, இரும்பு நாற்காலிக்கு அடிப்பது போன்ற பவுடர் பெயின்ட்டில் குண்டைக் குலுக்கி, 200 டிகிரியில் இருபது நிமிடம் அடுப்பில் சுடுகிறார்கள். குண்டு சிவப்பும் நீலமுமாக மிட்டாய் மாதிரி இருக்கும். கையில் ஈயம் ஒட்டாது, புகை குறைவு, ஈயமும் பேரலைத் தொடாது. நன்றாக வேலை செய்கிறது, நானும் இலக்குப் பயிற்சிக்கு அதைத்தான் சுடுகிறேன். பூச்சு விட்டத்தைக் கூட்டும், அதனால் பூசியபின் அளவு திருத்துங்கள். கடினமாக்கிய குண்டு அந்தச் சூட்டில் மென்மையாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். குண்டு சுடும் அடுப்பு அதற்கு மட்டும்தான், அதில் மறுபடி ரொட்டி சுடக் கூடாது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத் தோட்டா கட்டும்போது கெடுப்பவர்கள் உண்டு. செம்புக் குண்டுக்கான கருவி பித்தளை உறையின் வாயை இறுக்கமாக விடும். அதில் ஈயக் குண்டை அழுத்தினால் வாய் விளிம்பு கத்தி மாதிரி ஈயத்தைச் சீவிவிடும், கழுத்து இறுகிக் குண்டையும் சின்னதாக்கிவிடும். நீங்கள் பாடுபட்டு எடுத்த 0.360 தோட்டாவுக்குள் போய் 0.357 ஆகியிருக்கும். லைமன் எம் டை போன்ற வாய் விரிக்கும் கருவி கட்டாயம் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கட்டிய தோட்டாவிலிருந்து ஒரு குண்டைப் பிடுங்கி மறுபடி அளந்து பாருங்கள்.

மருந்தின் அளவை நான் எழுத மாட்டேன். லைமன் போன்ற நிறுவனங்கள் வார்த்த குண்டுக்கென்றே சோதித்து அச்சிட்ட அட்டவணை இருக்கிறது. உங்கள் குண்டின் எடைக்கு அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து தொடங்குங்கள். யாரோ சொன்ன அளவு வேண்டாம். முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வீலன் உறை பெரியது, வார்த்த குண்டுக்கு வேகமாக எரியும் மருந்து பாதிகூட நிரம்பாது. தவறி இரண்டு முறை போட்டாலும் உறைக்குள் அடங்கிவிடும், ரைஃபிளும் முகமும் போய்விடும். மருந்து போட்டபின் எல்லா உறைகளையும் தட்டில் நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மட்டம் பாருங்கள். பேசிக்கொண்டோ, தொலைபேசியை வைத்துக்கொண்டோ இதைச் செய்யாதீர்கள். மெதுவாக எரியும் மருந்தை அட்டவணைக்குக் கீழே குறைப்பதும் ஆபத்துதான், அழுத்தம் எதிர்பாராமல் எகிறலாம்.

சுடப் போகுமுன் பேரலில் இருக்கும் பழைய செம்புக் கறையை முழுக்க எடுத்துவிடுங்கள். பெரியவர் இத்தனை வருடம் செம்புக் குண்டு சுட்டிருப்பார், அந்தக் கறையின் மேல் ஈயம் ஆசையாக ஒட்டும். துணியில் நீலப்பச்சை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும், இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அப்புறம் 50 கெஜத்தில் பத்துக் குண்டு சுட்டுவிட்டுப் பேரலை வெளிச்சத்தில் பாருங்கள். ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். அறையை ஒட்டித் தொண்டைப் பக்கம் என்றால் குண்டு சின்னது, அல்லது உறை அதைச் சுருக்கியிருக்கிறது. வாய்ப்பக்கம் கடைசிச் சில அங்குலத்தில் என்றால் மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது. பள்ளத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் கோடு போட்டாற்போல் என்றால் குண்டு முறுக்கில் ஏறாமல் சறுக்குகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது கொஞ்சம் கடினமாக்க வேண்டும். கடினம் கணக்கில் வருவது இந்த ஒரு இடத்தில்தான். ஒட்டிய ஈயத்தை எடுக்கப் பாத்திரம் தேய்க்கும் செம்பு நார் போதும். பழைய பிரஷ்ஷில் சுற்றி நான்கைந்து முறை இழுத்தால் வந்துவிடும். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு, பேரலைக் கீறிவிடும்.

கடைசியாக மான். தட்டை மூக்கு, பிரினெல் 11, 12, 1,800 அடி, 100 கெஜத்துக்குள், முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால். இது போதும், சுத்தமாக விழும். இங்கே லைனோடைப் மாதிரி கடினக் குண்டு எடுத்துப் போகாதீர்கள். விரியாமல் ஊசி குத்தின மாதிரி போய்விடலாம், எலும்பில் பட்டால் நொறுங்கலாம். மிருகத்தை வலியோடு ஓடவிடுவது வேட்டை இல்லை. 150 கெஜத்துக்கு மேல் குண்டு விழும் வளைவு செங்குத்தாகிவிடும். தூரம் தவறாகக் கணித்தால் குடலில் படும், அந்தத் தூரத்தில் சுடாமல் வந்துவிடுங்கள். கலிபோர்னியாவுக்கு வேட்டைக்குப் போவதாக இருந்தால் ஈயக் குண்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மிச்ச இறைச்சியைத் தின்னும் காண்டார் கழுகுகள் ஈய விஷத்தில் சாவதைத் தடுக்கப் போட்ட சட்டம், 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் அங்கே ஈயத்துக்குத் தடை. நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன். உங்கள் ஊரிலும் அடித்த மானின் குடலை வெளியே விட்டுவிட்டு வராமல் புதைத்துவிட்டு வாருங்கள்.

இந்த வாரம் அச்சு, பாத்திரம் எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு தூண்டில் குண்டும் ஒரு நல்ல மைக்ரோமீட்டரும் வாங்கிப் பேரலை அளந்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள் தம்பி, எந்த அளவு அச்சு எடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.